வாரம் 18 மணி நேரம் வாய்ப்பாட்டு வகுப்பு, மாதம் 2 கச்சேரி: குரலையும் வேலையையும் சேர்த்து நடத்துவது எப்படி?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். எம்.ஏ. இசை முடித்து, ஆகாசவாணி கலைஞர் தரவரிசையில் 'பி ஹை' கிரேடு ('ஏ'வுக்கு ஒரு படி கீழே). இப்போது கௌரவ விரிவுரையாளர், வாய்ப்பாட்டு. வாரம் 18 மணி நேரம் வகுப்பு, அதில் 14 செய்முறை. என் சுருதி (பாட்டுக்கு ஆதாரமான ஷட்ஜத்தின் உயரம், கட்டைக் கணக்கில்) 5½ கட்டை. ஒரு வகுப்பில் 20 பேர், அதில் 6 பேர் ஆண்கள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மாதம் 2 கச்சேரி, பெரும்பாலும் கோயில்களிலும் சின்ன சபாக்களிலும்.

காலையில் மேல்ஸ்தாயி பஞ்சமம் வரை தாராளமாகப் போகிற குரல், சாயங்காலம் 4 மணிக்கு மேல்ஸ்தாயி காந்தாரத்திலேயே கனத்துவிடுகிறது. திங்கள்கிழமை நன்றாக இருந்து வெள்ளிக்கிழமை மோசமாகிறது. வகுப்பிலேயே இவ்வளவு பாடுவதால் தனியாகச் சாதகம் (சொந்தப் பயிற்சி) வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா? பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுவதா, பிஎச்.டி.யா, கிரேடை உயர்த்துவதா, எதை முதலில் பிடிப்பது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


தில்லைத்தம்புரா எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் மேடம். வகுப்பில் பாடுவது சாதகம் ஆகாது. சாதகத்தில் காது உங்கள் குரல் மேல் இருக்கும், வகுப்பில் அது 20 பேர் குரல் மேல் இருக்கும். தொண்டை எங்கே இறுகுகிறது என்று கவனிக்கவே நேரம் இருக்காது.

உங்கள் வகுப்பில் முதலில் பார்க்க வேண்டியது சுருதி. ஆண் பிள்ளைகளை 5½ கட்டையில் பாட வைத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 5½ கட்டை மத்ய (நடு ஸ்தாயி) ஷட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ். அதையே அவர்கள் எடுத்தால் தார (மேல்ஸ்தாயி) பஞ்சமம் 622, எட்டவே எட்டாது. ஒரு ஸ்தாயி இறங்கி 104ல் வைத்தால் மந்திர (கீழ்ஸ்தாயி) பஞ்சமம் 78க்குப் போய்விடும், வெறும் உறுமல்தான் வரும். அந்த 6 பேரும் சுருதி விலகிப் பாட, அவர்களை இழுத்துப் பிடிக்க நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள். சாயங்காலக் கனத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். 4 கட்டைக்கு இறங்கி எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்று சமரசம் செய்கிறவர்கள் உண்டு. அது ஆண்களுக்கும் உதவாது, பெண்களுக்கு மந்திரத்தில் குரலே எழாது.

ஆண்களைத் தனிப் பிரிவாக்கி 1 அல்லது 1½ கட்டை வையுங்கள். 1 கட்டையில் மந்திர பஞ்சமம் 98, தார பஞ்சமம் 392, அவர்களுக்கு அதுதான் இயல்பான வீச்சு. அந்தப் பிரிவுக்கு நீங்கள் அவர்கள் சுருதிக்கு இறங்கிப் பாட வேண்டாம். உங்கள் 5½ல் ஒரு வரியைப் பாடிக் காட்டிவிட்டுச் சுருதிப்பெட்டியை 1½க்கு மாற்றுங்கள், அவர்கள் அந்த ஷட்ஜத்தில் அதே வரியைப் பிடிக்கட்டும். முதல் 2 வாரம் தடுமாறுவார்கள். பிறகு எந்தச் சுருதியிலும் ஸ்வரஸ்தானம் காதில் நிற்கும், அது அவர்களுக்கும் லாபம். பிரித்து நடத்த நேர அட்டவணை இடம் தராவிட்டால், சீனியர் மாணவர் ஒருவரை அந்த 6 பேருக்கு முன்பாட்டுக்கு வைத்துவிட்டு நீங்கள் தாளம் மட்டும் போடுங்கள்.

அடுத்தது, மாணவர்களோடு சேர்ந்து பாடவே பாடாதீர்கள். சேர்ந்து பாடினால் அவர்கள் தப்பு உங்கள் காதில் விழாது, உங்கள் குரல் அவர்கள் காதில் விழ நீங்கள் கத்த வேண்டும். வரியை 2 முறை பாடுங்கள், அவர்கள் 3 முறை பாடட்டும், அந்த 3 முறையும் வாயை மூடிக் கையில் தாளம் போடுங்கள். தப்பு வந்தால் வரி முழுக்கத் திரும்பப் பாட வேண்டாம், தப்பின இடத்தை மட்டும் எடுங்கள். தோடி காந்தாரத்தை நேராக நிறுத்திப் பாடுகிறார்கள் என்றால் 'ரி க ம' என்ற அந்தத் துண்டை மட்டும் கால் வேகத்தில் எடுத்து, காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் எப்படி அசைகிறது என்று 2 தடவை காட்டுங்கள். பிறகு அரை வேகம், பிறகு முழு வேகம். மொத்தமே அரை நிமிஷப் பாட்டு. முழு பல்லவியை 8 தடவை பாடிக் காட்டுவதைவிட இது பிடிக்கும்.

கீர்த்தனையை ஒரே ஒரு முறை, குரல் நன்றாக இருக்கிற காலை வேளையில், முழுதாகப் பாடிப் போனில் பதிந்து கொடுங்கள். சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்கள்) சந்தேகத்துக்கெல்லாம் அந்தப் பதிவைப் போடச் சொல்லலாம். ஸ்வரக் குறிப்பை மட்டும் கொடுத்தால் போதாது, கமகம் (ஸ்வரத்தின் அசைவு) தாளில் ஏறாது.


புதுவைக்குரல் எழுதியது:

குரல் சிகிச்சைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் சகோதரி. திங்கள் நன்றாக இருந்து வெள்ளி மோசமாகிறது என்பது முக்கியமான தகவல். ஞாயிறு ஓய்வில் திரும்ப வருகிறது என்றால் இப்போதைக்கு அது களைப்பும் லேசான வீக்கமும்தான். ஓய்வு எடுத்தும் திரும்பாமல், கரகரப்பு 2 வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்ட்ரோபோஸ்கோபி (குரல்நாணின் அதிர்வைக் காட்டும் பரிசோதனை) பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அந்தத் துறை இருக்கிறது. குரல்நாண் முடிச்சு என்று சொன்னால் பயந்துவிட வேண்டாம். முடிச்சுக்கு முதல் வைத்தியம் குரல் பயிற்சி, கத்தி கடைசியில்தான். பாடிக்கொண்டிருக்கும்போதோ இருமும்போதோ குரல் சட்டென்று அடைத்துப் போனால் மட்டும் அன்றே பேச்சைப் பாட்டை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், நாணில் ரத்தக் கசிவாக இருக்கலாம். அந்த நிலையில் கச்சேரி பாடினால் தழும்பு விழும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. தினமும் ஒரே நேரத்தில், பக்கத்தில் தூங்குகிறவர் விழிக்காத அளவு மெல்லிய குரலில், 'ஊ' என்று தார ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் எடுங்கள். நாண் நன்றாக இருந்தால் ஒலி உடனே எழும். வீங்கியிருந்தால் முதலில் காற்று வரும், அரை நொடி கழித்துத்தான் ஒலி வரும், அல்லது உடையும். சத்தமாகப் பாடிப் பார்த்தால் இது தெரியாது, பலத்தால் வீக்கத்தை மறைத்துவிடலாம். நோட்டில் எந்த ஸ்வரத்தில் உடைகிறது என்று குறித்து வாருங்கள். மாதவிலக்குக்கு முந்தின சில நாள் இது கீழே இறங்குவது பலருக்கு இயல்பு. அந்த நாட்களில் கச்சேரி விழுந்தால் மேல்ஸ்தாயி அதிகம் கேட்காத உருப்படிகளாக எடுங்கள்.

காலை வகுப்புக்கு முன் 3 நிமிஷம் ஸ்ட்ரா பயிற்சி செய்யுங்கள். ஜூஸ் ஸ்ட்ரா, சுமார் 5 மில்லிமீட்டர் துளை. டம்ளரில் பாதித் தண்ணீர், ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் 2 முதல் 3 சென்டிமீட்டர். ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று ஒலித்துக்கொண்டே குமிழ் விடுங்கள். மந்திர பஞ்சமத்திலிருந்து தார ஷட்ஜம் வரை வழுக்கி ஏறி இறங்குங்கள். குமிழ் ஒரே சீராக வர வேண்டும். குமிழ் நின்றால் மூச்சு அறுந்துவிட்டது என்று அர்த்தம். கன்னம் உப்பக் கூடாது, மூக்கு வழியே காற்று போகக் கூடாது. 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக வைத்தால் அழுத்தம் கூடி அதுவே களைப்பாகும். கடைசி வகுப்பு முடிந்ததும் இதையே 2 நிமிஷம் செய்து முடியுங்கள், பலர் இந்த இரண்டாவதைத்தான் விட்டுவிடுவார்கள்.

பாட்டைவிடப் பேச்சு கெடுக்கும். மின்விசிறி, எதிரொலிக்கிற சுவர், 20 பேர் சலசலப்பு, இதற்கு மேல் 50 நிமிஷம் பேசுவது ஒரு கச்சேரிக்குச் சமமான உழைப்பு. இடுப்பில் மாட்டுகிற சின்ன ஒலிபெருக்கி ஒன்று வாங்குங்கள். மைக் உதட்டோரத்திலிருந்து 2 விரல் தள்ளி இருக்கட்டும், நேர் எதிரே இருந்தால் மூச்சு இரையும். சுருதிப்பெட்டி சத்தத்தைக் குறையுங்கள், அது உரக்க இருந்தால் நம்மை அறியாமல் குரலை உயர்த்துவோம். பஸ்ஸில் போனும் பேச்சும் வேண்டாம். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசும் ஒரு மணி நேரம், முதல் வகுப்புக்கு முன்பே குரலைச் செலவழித்துவிடும். தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். பேச வேண்டாம் என்று கிசுகிசுப்பதும் நல்லதல்ல, பலர் கிசுகிசுக்கும்போது தொண்டையை இறுக்குகிறார்கள்.

பனங்கற்கண்டு, சுக்கு, அதிமதுரம் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான். விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது, உணவுக்குழாய்க்குப் போய்விடும். நாணை நேராகத் தொடுவது ஆவி ஒன்றுதான். வெறும் வெந்நீர் ஆவி, 5 நிமிஷம், தைலம் எதுவும் கலக்காமல். சளி மாத்திரைகளில் பல குரல்நாணையும் உலர்த்தும், கச்சேரி வாரத்தில் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கச்சேரி முடிந்து 10 மணிக்கு மேல் இலை போட்டுச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி மறுநாள் காலை குரல் தடித்திருக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 3 மணி நேரம் வேண்டும். கச்சேரி நாளில் 4 மணிக்குச் சாப்பாட்டை முடித்து, இரவில் கஞ்சி போதும்.


கெடிலக்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஆண் பிள்ளைகள் சுருதி விஷயம் அப்படியே நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. இன்னொன்று கேட்க வேண்டும். கச்சேரியில் பாட்டு துண்டு துண்டாகக் கேட்கிறது என்று பக்கவாத்தியக்காரர் சொல்கிறார். குரல் களைப்பில் மூச்சு போதாமல்தான் அப்படியா?


பாலாற்றுமூலை எழுதியது:

மூச்சு போதாமை காரணமில்லை அம்மா. பாடம் சொல்கிற எல்லோருக்கும் வருகிற பழக்கம் அது.

வகுப்பில் மாணவர் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வரியை வெட்டுகிறோம். ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக, அழுத்தி, தெளிவாகக் காட்டுகிறோம். அதே கீர்த்தனையை ஒரு பருவத்தில் 40 தடவை அப்படிப் பாடினால் தொண்டை அந்த வெட்டையே மனப்பாடம் செய்துகொள்ளும். மேடையில் பல்லவி எடுத்தால் அரை ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்றில் பாதியில்) மூச்சு விடுவீர்கள், மூச்சு இருக்கும்போதே. கூடவே காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) இறங்கும். மெட்ரோனோம் வைத்துப் பாருங்கள். கச்சேரியில் 76 தட்டில் ஓட வேண்டிய உருப்படி பாடத்தில் 60ல் நடந்திருக்கும், மேடையில் 64ல் எடுத்துவிட்டு மிருதங்கக்காரர் வேகமாக ஓட்டுகிறார் என்று நினைப்போம்.

இதற்கு மருந்து, பாடமாகச் சொல்கிற உருப்படியை அந்தப் பருவத்தில் கச்சேரியில் வைக்காமல் இருப்பது. வகுப்புக்கு ஒரு கட்டு, மேடைக்கு ஒரு கட்டு. தவிர்க்க முடியாவிட்டால், கச்சேரிக்கு முந்தின 10 நாள் அதை வகுப்பில் நிறுத்தி, வீட்டில் மெட்ரோனோமோடு முழுதாக, எங்கும் நிற்காமல் தினமும் ஒரு முறை பாடுங்கள். தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது. மூச்சிடத்தைப் பென்சிலால் சாகித்யத்தில் குறித்து அங்கே மட்டும் விடுங்கள்.

உங்கள் சொந்தச் சாதகம் தினமும் 45 நிமிஷம் போதும், ஆனால் வகுப்புக்கு முன்பு, காலை 5:30 மணி வாக்கில். மந்திர ஸ்தாயி அகாரம் ('ஆ' என்று பாடுவது) 10 நிமிஷம், ஒவ்வொரு ஸ்வரத்திலும் 8 எண்ணிக்கை நின்று. ஜண்டை வரிசை அல்லது அலங்காரம் 3 காலம் அகாரத்தில் 10 நிமிஷம். ஒரு அட தாள வர்ணம் 2 காலம். மீதி நேரம் முழுக்க ஆலாபனையும் ஸ்வரமும், வகுப்பில் வராத ராகத்தில். பாடத்திட்டம் வருஷா வருஷம் அதே மோகனம், கல்யாணி, பைரவி என்று சுற்றும். மனோதர்மம் (அவ்வப்போது கற்பனையாகப் பாடுவது) அந்த வட்டத்துக்குள் சுருங்கிவிடுவதுதான் ஆசிரியப் பாடகர்களுக்குப் பெரிய நஷ்டம். மாதம் 2 புது உருப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் கனத்த நாளில் வகுப்பை ரத்து செய்ய வேண்டாம், உருப்படியை மாற்றுங்கள். நவரோஜ் பஞ்சமாந்த்ய ராகம், அதாவது பஞ்சமத்தோடு நிற்கிற ராகம், மந்திர பஞ்சமத்துக்கும் மத்ய பஞ்சமத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். உங்கள் ஊர்ப் பக்கமே பாடம் இருக்கிறது. அப்பர் திருவதிகையில் பாடிய 'கூற்றாயினவாறு' பதிகம் கொல்லிப் பண், இன்று நவரோஜில் பாடுகிறார்கள். தார ஸ்தாயியே தொடாமல் ஒரு மணி நேரம் நிறைவாக வகுப்பெடுக்கலாம். நிஷாதத்தோடு நிற்கிற நிஷாதாந்த்ய ராகத்துக்குப் புன்னாகவராளியும் நாதநாமக்ரியையும் இருக்கின்றன.


திருப்பாதிரி வாசகர் எழுதியது:

வேலை விஷயத்துக்கு வருகிறேன். வரிசை முக்கியம். முதலில் நெட். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட், ஸ்லெட் (பின் இரண்டும் மாநில அளவுத் தகுதித் தேர்வுகள்) இவைதான் குறைந்தபட்சத் தகுதி. பிஎச்.டி. விருப்பத் தகுதியாகிவிட்டது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு.

இசைக்கு நெட் பாட எண் 16. இரண்டு தாளும் சேர்த்து ஒரே அமர்வில் 3 மணி நேரம். பொதுத் தாளில் 50 கேள்வி 100 மதிப்பெண், இசைத் தாளில் 100 கேள்வி 200 மதிப்பெண். தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஒரு கேள்வியையும் விடாதீர்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். தமிழில் படித்த நல்ல பாடகர்கள் சறுக்குவது இங்கேதான். 'கிரக பேதம்' தெரியும், ஆனால் கேள்வியில் அது ஆங்கில எழுத்தில் வந்தால் அடையாளம் தெரியாது. கலைச்சொல் பட்டியல் ஒன்றை இரண்டு மொழியிலும் எழுதி வைத்துப் பழகுங்கள். பாடகர்கள் பயப்படுகிற பகுதி நூல் வரலாறு: நாட்டிய சாஸ்திரம், பிருஹத்தேசி, சங்கீத ரத்னாகரம், சதுர்தண்டி பிரகாசிகை, சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. இவற்றில் எது எந்தக் கருத்தைக் கொண்டுவந்தது என்று மாத்திரம் அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள். பொதுத் தாளை 2 மாதம் தனியாகப் படியுங்கள், இசையில் நல்ல மதிப்பெண் எடுத்தும் பொதுத் தாளில் தேங்குகிறவர்கள் நிறைய.

செட் எழுதினால் போதுமே என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2002 ஜூனுக்குப் பின் நடந்த செட் தேர்வின் தகுதி அந்த மாநிலக் கல்லூரிகளுக்கு மட்டும்தான். கடலூரிலிருந்து புதுச்சேரி அரை நாள் போக்குவரத்துகூட இல்லை, ஆனால் தமிழ்நாட்டுச் செட் அங்கே செல்லாது. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம் போன்ற இடங்களையும் கணக்கில் வைக்கிறீர்கள் என்றால் நெட் எழுதுங்கள்.

கலைஞர் வழி ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் இசை, நடனத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இளங்கலைப் பட்டத்தோடு, பெயர்பெற்ற குருவிடம் படித்து, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ 'ஏ' கிரேடு கலைஞராக இருந்து, பாடத்தை விளக்கிச் சொல்லும் திறனும் இருந்தால் நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியராகலாம். உங்கள் 'பி ஹை' இதற்குப் போதாது, அடுத்த படி வேண்டும். கிரேடு உயர்வுக்குப் பதிவு கொடுக்கும்போது வெள்ளிக்கிழமைக் குரலில் போய்விடாதீர்கள். விடுமுறையில், 2 வாரம் வகுப்பில்லாமல் இருக்கும்போது தேதி கேளுங்கள்.

பிஎச்.டி.யை நெட்டுக்குப் பிறகு எடுங்கள், ஆனால் தலைப்பை இப்போதே யோசியுங்கள். 'தமிழிசை வரலாறு' மாதிரி அகலமாக எடுத்தால் 6 வருஷமானாலும் முடியாது. திருவாமூர், திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர் என்று அப்பர் தலங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு பண், சில ஓதுவார்களின் பாடமுறை, பதிவும் ஸ்வரக் குறிப்பும், அதைக் கச்சேரி மரபோடு ஒப்பிடுவது என்று குறுக்கிக்கொண்டால் களப்பணி சனி ஞாயிறுகளிலேயே முடியும்.

நிரந்தரப் பணியில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, ஊதிய நிலை 10, தொடக்கம் 57,700. இப்போது நீங்கள் எடுப்பதைவிடக் குறைந்த மணி நேரம் அது. 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர், டி.கே. ரங்காச்சாரி எல்லோரும் பாடம் சொல்லிக்கொண்டே மேடையிலும் நின்றார்கள். நேரத்தைத் தெரிந்து பிரித்தால் இரண்டும் நடக்கும்.


கெடிலக்கரை எழுதியது:

தெளிவாகிவிட்டது. டிசம்பர் நெட்டுக்கு விண்ணப்பிக்கிறேன். நேர அட்டவணையை அடுத்த பருவத்தில் மாற்றித் தரத் துறைத் தலைவரிடம் கேட்கப் போகிறேன். 14 செய்முறை மணியை எப்படிப் பிரிக்கச் சொல்லிக் கேட்பது?


தில்லைத்தம்புரா எழுதியது:

"குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது மேடம், "மாற்றி அடுக்குங்கள்" என்று கேளுங்கள். செய்முறை வகுப்பு தொடர்ந்து 2க்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு எழுத்துப் பாடம். செய்முறை எல்லாம் மதியம் 1 மணிக்குள். பிற்பகலில் வரலாறு, ராக இலக்கணம், கேள்வி ஞானம்: பழைய பதிவு ஒன்றைப் போட்டு மாணவர்களை ஸ்வரப்படுத்தச் சொல்லுங்கள், அதுவும் செய்முறைக் கணக்கில் சேரும். வாரத்துக்கு 3 மணி இப்படிப் போனால் நீங்கள் வாய்விட்டுப் பாடுவது 11 மணியாகும். ஆண்கள் பிரிவுக்கு 2 மணி தனியாகக் கேளுங்கள். கச்சேரிகள் பெரும்பாலும் சனி ஞாயிறில் வரும், அதனால் திங்கள் முதல் இரண்டு மணியும் எழுத்துப் பாடமாக இருக்கட்டும். எழுதிக் கொடுக்கும்போது மாணவர் பெயர்களுக்கு எதிரே அவரவர் சுருதியையும் குறித்துக் கொடுங்கள், பிரிவு எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.